சட்டக் கல்லூரிக்கு முந்திய நான்கு ஆண்டுகள்

நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிடுவதுபோல், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வக்கீலாக விரும்பும் ஓர் இளைஞர் போட்டுவிட முடியாது. நான்கு ஆண்டுகள் ஒரு கல்லூரியில் தங்கி, ஏதேனும் ஒரு பாடத்தில் பட்டம் பெற்று, அதன் பின்னரே மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் அவர் அடியெடுத்து வைக்கலாம் என்பது அங்கே நிலைபெற்றுவிட்ட வழக்கம். அந்த நான்கு ஆண்டுகளில் எதைப் படிப்பது என்று கேட்டால், சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்றே விடை சொல்கிறது. வைத்தியக் கல்லூரியை நாடுகிறவர் ரசாயனமும் உயிரியலும் பௌதிகமும் படித்தே தீரவேண்டிய அதே தேசத்தில், சட்டத்தை நாடுகிறவருக்கு இன்ன பாடம் என்று எதுவும் விதிக்கப்படவில்லை. இந்தச் சுதந்திரம் மேலுக்குப் பெரிய சலுகையாகத் தோன்றினாலும், பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கும், அதற்குப் பணம் கட்டும் பெற்றோருக்கும் அது உண்மையில் கவலையையே தருகிறது. சரித்திரம், தத்துவம், இலக்கியம், பொருளாதாரம் ஆகிய கலைத்துறைகளில் ஒன்றைப் படித்துக்கொண்டே சட்டத்துக்குத் தயாராவது எவ்வாறு, அந்தத் தயாரிப்பு எதில் அடங்கியிருக்கிறது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் விஷயம்.

இந்த ஏற்பாடு ஆதியிலிருந்தே இருந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் சட்டம் பயில்வதென்றால் ஒரு மூத்த வக்கீலின் அலுவலகத்தில் அமர்ந்து, அவருடைய தஸ்தாவேஜுகளை நகல் எடுத்து, ஓய்ந்த நேரத்தில் பிளாக்ஸ்டோன் போன்றாரின் நூல்களைப் படிப்பதுதான். தாமஸ் ஜெஃபர்ஸன் அவ்வாறு பயின்றது ஜார்ஜ் வைத் என்பவரிடம். கிரேக்கமும் லத்தீனும் ஆழக் கற்ற அந்தப் பெரியவர் 1779-இல் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் அந்நாட்டின் முதல் சட்டப் பேராசிரியராக அமர்ந்தார். கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டில் டாப்பிங் ரீவ் 1784-இல் முறையாகத் தொடங்கிய சட்டப்பள்ளி 1833 வரையில் நடந்தது. ஆபிரகாம் லிங்கனோ எந்தக் கல்லூரியையும் மிதித்தவரல்லர்; இரவல் வாங்கிய நூல்களைக் கொண்டே படித்து 1836-இல் வக்கீல் தொழிலுக்கு அனுமதி பெற்றார். ஆனால் அவர் சட்ட நூல்களோடு நின்றுவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். தொழிலில் நன்றாகக் காலூன்றி, காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்த பின்னர், யூக்ளிடின் ஷேத்திர கணிதத்தில் ஆறு புத்தகங்களையும் தாமே அமர்ந்து கற்றார். கட்சிக்காரர் யாரும் யூக்ளிடைக் கேட்டு வருவதில்லை. வாதத்தைப் படிப்படியாக நிரூபித்துச் செல்லும் ஒழுங்கு தம் புத்திக்கு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கல்லூரிக்குள் சென்றவர்கள் தாமே வந்தடையும் ஒரு பயிற்சியை, செல்லாதவர் நாற்பது வயதில் தேடிச் சென்று அடைந்தார்.

1870-இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவராக வந்த லாங்டெல், சட்டத்தை விதிகளின் தொகுப்பாக மனனம் செய்விப்பதை விட்டு, தீர்ப்புகளை மாணவர் முன் வைத்து, அவற்றிலிருந்து விதியைக் கேள்விகளால் வருவிக்கும் முறையைப் புகுத்தினார். அந்நூற்றாண்டின் முடிவுக்குள் ஹார்வர்டு, முன்னரே ஒரு பட்டம் பெற்றவர்களையே நாடலாயிற்று. 1921-இல் எலிஹு ரூட் தலைமையில் ஆராய்ந்த குழுவின் யோசனைப்படி, சட்டம் படிக்கப் புகுமுன் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பேனும் வேண்டும் என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. பிற்காலத்தில் அது முழுப் பட்டமாக வளர்ந்தது. இதில் கல்வி நோக்கம் ஒன்று மட்டுமே இருந்தது என்று சொல்வது சரித்திரத்துக்கு நியாயமாகாது. தொழிலாளர்களும், கடல் கடந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் மாலைநேரச் சட்டப் பள்ளிகளில் பயின்று வக்கீல் தொழிலுக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களைத் தூர நிறுத்தும் எண்ணமும் அத்தீர்மானத்தை ஆதரித்தவர்களில் சிலருக்கு இருந்தது. கலைக்கல்வியின் மேன்மையைப் பேசுகிறவர்கள் இந்த வரலாற்றை மறைக்காமல் பேசவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அலுவலகத்தில் அமர்ந்து பயின்று வக்கீலாகும் பழைய வழி கலிஃபோர்னியா, வர்ஜீனியா, வெர்மான்ட், வாஷிங்டன் ஆகிய சில மாநிலங்களில் இன்றும் அடைபடவில்லை. ஆயினும் அவ்வழியே செல்பவர் மிகச் சிலரே.

இனி, கலைக்கல்விக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிராமல், ஒரு வழக்கை எடுத்துப் பார்ப்போம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சொத்துரிமை வகுப்பின் தொடக்கத்திலேயே பெரும்பாலும் படிக்கப்படுவது, 1805-இல் நியூயார்க் உயர்நீதிமன்றம் தீர்த்த பியர்சன் எதிர் போஸ்ட் என்னும் வழக்கு. லாங் ஐலண்டில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கடற்கரைப் புறம்போக்கில், போஸ்ட் என்பவர் வேட்டை நாய்களுடன் ஒரு நரியைத் துரத்திக்கொண்டு போகிறார். நரி கைக்கு எட்டும் தறுவாயில், அவர் துரத்தி வருவதைக் கண்ணாரக் கண்டிருந்தும், பியர்சன் என்பவர் குறுக்கே புகுந்து அதைக் கொன்று எடுத்துச் செல்கிறார். நரி யாருடையது? கீழ் நீதிமன்றம் போஸ்டுக்குச் சாதகமாகச் சொல்ல, மேல் நீதிமன்றம் அதை மாற்றிப் பியர்சனுக்கே கொடுத்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய டாம்ப்கின்ஸ், ஜஸ்டினியனின் ரோமானியச் சட்டத்தையும், புஃபெண்டார்ஃப், பைங்கர்ஷூக் முதலிய ஐரோப்பிய நியாய சாஸ்திரிகளையும் சான்று காட்டி, காட்டு மிருகத்தின் மீது வெறும் துரத்தலால் உரிமை பிறப்பதில்லை, அதைப் பிடித்தோ மரண காயப்படுத்தியோ தப்பவொட்டாமல் செய்தால்தான் பிறக்கும் என்று நிலைநாட்டினார். மாறுபட்ட லிவிங்ஸ்டன், இத்தகைய தகராறு வேட்டைக்காரர்களின் வழக்காற்றுக்கே விடப்பட்டிருக்க வேண்டும் என்றும், கோழி வளர்ப்போருக்குப் பகையான நரியை ஒழிப்பது பொது நன்மையாக இருக்க, விடியலிலிருந்து ஓடிக் களைத்தவரின் பலனைக் கடைசி நிமிஷத்தில் இன்னொருவர் தட்டிச் செல்லலாம் என்றால் யார்தான் வேட்டைக்குக் கிளம்புவார் என்றும் வாதித்தார்.

சில பக்கங்களே உள்ள இத்தீர்ப்பைப் படிக்க என்னென்ன தேவைப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ரோமானியச் சட்டத்துக்கு ஒரு புதிய குடியரசின் நீதிமன்றத்தில் ஏன் இவ்வளவு மதிப்பு என்பது சரித்திரக் கேள்வி. உரிமை உழைப்பினால் பிறக்கிறதா, கைப்பற்றுவதனால் பிறக்கிறதா என்பது, லாக்கைப் படித்த தத்துவ மாணவருக்கு ஏற்கெனவே பழக்கமான கேள்வி. எந்த விதி அமைந்தால் மனிதர்கள் எவ்வாறு நடந்துகொள்வார்கள் என்று லிவிங்ஸ்டன் கணக்கிடுவது பொருளாதாரச் சிந்தனை. தெளிவான விதி வேண்டும், இல்லாவிடில் வழக்குகள் பெருகும் என்ற டாம்ப்கின்ஸின் அச்சம் அரசியல் சாஸ்திரத்தைச் சேர்ந்தது. லிவிங்ஸ்டனின் நடையில் எங்கே விளையாட்டு முடிந்து வாதம் தொடங்குகிறது என்பதைக் கண்டுகொள்ள இலக்கியம் படித்த காது வேண்டும். இவ்வளவையும் ஒரு மாணவர் கல்லூரியிலேயே கற்று முடித்து வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இவற்றுள் ஏதேனும் ஒரு துறையிலாவது, கடினமான ஒரு நூலை அவசரமின்றி, ஆசிரியர் சொல்வது இன்னது, சொல்லாமல் விட்டது இன்னது என்று பிரித்தறிந்து படித்த பழக்கம் அவருக்கு இருக்குமானால், பேராசிரியர் எழுப்பி நிறுத்தி, நரிக்குப் பதில் திமிங்கிலமாக இருந்தால் என்ன, காயம் பட்டும் தப்பி ஓடினால் என்ன என்று கேள்விமேல் கேள்வி தொடுக்கும்போது திகைத்து நிற்கமாட்டார்.

இதிலிருந்து ஒரு முடிவு தானே வருகிறது. சட்டத்துக்கு முன்னதாகவே சட்டத்தைப் படித்துவிடுவது நல்ல தயாரிப்பன்று. பல கல்லூரிகள் சட்ட முன்படிப்பு என்றே பெயரிட்டு ஒரு பட்டத்தை வைத்திருக்கின்றன. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் பாடவாரியாகச் சராசரிகளை ஒப்பிட்ட ஆராய்ச்சிகளில், கணிதம், பௌதிகம், பொருளாதாரம், தத்துவம் படித்தோர் முன்வரிசையிலும், சட்ட முன்படிப்பும் குற்றவியல் நீதியும் படித்தோர் கடைவரிசையிலும் இருப்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. இதைக் கொண்டு தத்துவம் படித்தால் மதிப்பெண் உயரும் என்று கொள்வதும் பிழையாகும். வாதத்தில் இயல்பாகவே ருசியுள்ளவர்கள்தாம் தத்துவத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அந்த எண்களுக்குப் பின்னே மறைந்திருக்கும் காரணமாகலாம். ஆகவே பாடத்தின் பெயரில் மாயம் எதுவும் இல்லை. பழங்காலக் கட்டடங்களைப் பற்றி எழுதினாலும் சரி, பௌத்த தர்க்கத்தைப் பற்றி எழுதினாலும் சரி, தான் எழுதியது திருத்தப்பட்டுத் திரும்பி வந்து, மறுபடி எழுதி, மறுபடி திருத்தப்படும் இடத்தில்தான் மாணவர் சட்டத்துக்குத் தயாராகிறார் என்பதே என் உறுதியான எண்ணம்.

இதற்கு நான் காட்ட விரும்பும் சிறந்த உதாரணம் நீதிபதி சோனியா சொட்டோமயோர். பியூர்டோ ரிக்கோவிலிருந்து வந்த பெற்றோருக்கு நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்து, வீட்டில் ஸ்பானியம் பேசி வளர்ந்த அவர், பிரின்ஸ்டனில் சேர்ந்தபோது அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் குறைகள் சுட்டப்பட்டுத் திரும்பி வந்தன. ஸ்பானிய வாக்கிய அமைப்பு தம் ஆங்கிலத்துக்குள் புகுந்திருந்ததை ஆசிரியர் காட்டியபின்தான் அவர் அறிந்தார். அதற்காக மனம் ஒடிந்து போகாமல், விடுமுறையில் இலக்கண நூல்களை வாங்கி வைத்துக்கொண்டு, பள்ளிச் சிறுமியைப் போல் முதலிலிருந்து பயின்றார். 1976-இல் சரித்திரத்தில் மிக உயர்ந்த சிறப்புடன் பட்டம் பெற்று, யேல் சட்டக் கல்லூரிக்குச் சென்றார். அவருக்குச் சட்டத்துக்கான தயாரிப்பாக அமைந்தது, பியூர்டோ ரிக்கோவின் அரசியலைப் பற்றி அவர் எழுதிய ஆய்வேடு மாத்திரமன்று, அதை எழுதும் தகுதியைப் பெற அவர் பட்ட பாடும் ஆகும். கார்னெலில் படித்த நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்கும், தம் எழுத்து நடையைச் செப்பம் செய்தவராக நன்றியுடன் நினைவுகூர்ந்தது ஒரு சட்ட ஆசிரியரையல்ல. அங்கே ஐரோப்பிய இலக்கியம் கற்பித்த நாவலாசிரியர் நபகோவை.

கலைக்கல்வி தனி மனிதரின் நடையைச் செப்பனிடுவதோடு நின்றுவிடுவதுமில்லை. சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் 1915-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்று, ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் ஹார்வர்டில் சட்டம் பயின்றவர். இன ஒதுக்கலைச் சட்டத்தின் மூலமாகவே தகர்க்கும் திட்டத்தை வகுத்தவர். அவரிடம் ஹோவர்டில் சட்டம் கற்ற தர்குட் மார்ஷல், பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கலைப்பாடங்கள் படித்தவர். அங்கே விவாதக் குழுவில் பேர் பெற்றவர். பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லுமா என்ற பிரவுன் வழக்கில், அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தத்தை இயற்றியவர்களின் கருத்து யாது என்று 1953-இல் உச்ச நீதிமன்றம் கேட்டபோது, மார்ஷல் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் முதலிய சரித்திர ஆசிரியர்களை அழைத்து உடன் அமர்த்திக்கொண்டு விடை தேடினார். 1954-இல் வந்த தீர்ப்பு உலகறிந்தது. சரித்திர ஆசிரியரிடம் என்ன கேட்பது, அவர் தரும் விடையில் எது பிரமாணம், எது ஊகம் என்று அறிகிற வக்கீலாக இல்லாவிட்டால் அந்தக் கூட்டுறவு நடந்திராது.

இனி நுழைவுத் தேர்வு. எல்சாட் எனப்படும் இத்தேர்வு 1948-இல் தொடங்கியது. மதிப்பெண் 120-இலிருந்து 180 வரை. நீண்ட காலம் இதில் தர்க்க விளையாட்டு என்று மாணவர்கள் அஞ்சிய ஒரு பகுதி இருந்தது: இன்னார் இன்னாருக்கு அருகில் அமரக்கூடாது, இவர் வந்தால் அவர் வரமாட்டார் என்று நிபந்தனைகளை அடுக்கி, படம் வரைந்து விடை காணச் செய்வது. பார்வையற்ற தேர்வர் ஒருவர் தொடுத்த வழக்கு 2019-இல் சமரசமானதன் பயனாக, 2024 ஆகஸ்டு முதல் அப்பகுதி நீக்கப்பட்டது. இப்போது முப்பத்தைந்து நிமிஷப் பகுதிகளாக, தர்க்கம் இரண்டும் வாசிப்பு ஒன்றும் மதிப்பிடப்படுகின்றன. மதிப்பெண்ணில் சேராத பகுதி ஒன்றும் உண்டு. ஊரில் நூலகம் திறந்தபின் திருட்டு குறைந்தது, ஆகவே நூலகமே காரணம் என்பது போன்ற ஒரு சிறு வாதத்தைத் தந்து, அதில் சொல்லப்படாமல் ஒளிந்திருக்கும் எடுகோள் யாது, அதை எது பலவீனப்படுத்தும் என்று கேட்பார்கள். மணிமேகலைக்கு அறவண அடிகள் விரித்துரைக்கும் ஏதுப்போலிகளைப் படித்திருக்கும் தமிழருக்கு இக்கலை முற்றும் புதியதன்று. தர்க்கத்தில் ஒரு பாடமும், கடினமான உரைநடையில் இரண்டு மூன்று ஆண்டு வாசிப்பும் இருந்தால், மீதி வேண்டுவது சில மாதப் பழக்கமே. தனிப்பயிற்சிக்குப் பணத்தைக் கொட்டுவது அவ்வளவு அவசியமன்று.

கலைக்கல்வியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். சரித்திரமும் இலக்கியமும் படித்த மாணவர் பலருக்கு எண் என்றாலே அச்சம். ஒரு கம்பெனியின் ஐந்தொகையைப் படிக்கத் தெரியாமல், ஒரு சாட்சி சொல்லும் புள்ளிவிவரத்தைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாமல், எவ்வளவு அழகாக எழுதியும் கட்சிக்காரருக்குப் பயனில்லை. வருங்காலம் புள்ளியியலும் பொருளாதாரமும் அறிந்தவருக்கே உரியது என்று அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ் 1897-லேயே எச்சரித்துச் சென்றார். யேலில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெற்ற ரிச்சர்டு போஸ்னர்தாம், பிற்காலத்தில் சட்டத்தைப் பொருளாதார நோக்கில் ஆராயும் துறைக்கு 1973-இல் ஆதார நூல் எழுதினார் என்பது, எண்ணுக்கு அஞ்சும் இலக்கிய மாணவருக்குத் தைரியம் தரட்டும். கணக்குப்பதிவியலில் ஒன்று, புள்ளியியலில் ஒன்று, நுண்பொருளாதாரத்தில் ஒன்று என மூன்று பாடங்களைத் தம் கலைப்பட்டத்தோடு ஒருவர் சேர்த்துக்கொண்டால், பெரும்பாலான குறை நீங்கும்.

ஆனால் இங்கேதான் மதிப்பெண் ஆசை குறுக்கிடுகிறது. கல்லூரியில் பெற்ற எல்லா மதிப்பெண்களும் ஒரே சராசரியாகத் திரட்டப்பட்டுச் சட்டக் கல்லூரிகளுக்குச் செல்வதால், புள்ளியியலில் ஒரு படி குறைந்துவிடுமோ என்று அஞ்சி, எளிதில் உயர்ந்த தரம் கிடைக்கும் பாடங்களையே பொறுக்கிச் சேர்க்கும் மாணவர்கள் உண்டு; அவ்வாறே யோசனை கூறும் ஆலோசகர்களும் உண்டு. இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். நான்கு ஆண்டுகளை இவ்விதம் காத்துக்கொண்டவர், முதலாண்டுச் சட்ட வகுப்பில், பருவ இறுதியின் ஒரே பரீட்சையே தரத்தைத் தீர்மானிக்கும் ஓர் இடத்தில், முதன்முதலாகத் தம் இயலாமையைச் சந்திப்பார். மேலும் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டியவர்கள் ஆசிரியர்கள். இருநூறு பேர் அமரும் மண்டபத்தில் பேசாதிருந்து உயர்ந்த தரம் வாங்கியவரைப் பற்றி ஆசிரியருக்கு எழுத என்ன இருக்கும்? பன்னிரண்டு பேர் கூடும் கருத்தரங்கில் வாதாடித் தோற்று, கட்டுரையைத் திருத்திக் கொணர்ந்தவரைப் பற்றியே அவரால் நெஞ்சறிய எழுத முடியும்.

உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்டர் 1954-இல், சட்டம் படிக்க ஆசைப்பட்ட ஒரு சிறுவனுக்கு, சட்ட நூல்களைப் பற்றி இப்போது எண்ணவே வேண்டாம், கவிதை படி, நல்ல ஓவியங்களைப் பார், சங்கீதம் கேள் என்ற கருத்தில் ஒரு கடிதம் எழுதினார். வியன்னாவில் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் ஒரு வார்த்தை ஆங்கிலமும் அறியாமல் நியூயார்க் வந்திறங்கி, கட்டணமில்லாத சிட்டி கல்லூரியில் படித்து உயர்ந்தவர் அவர். செல்வர் வீட்டுப் பிள்ளையின் அலங்காரமாகக் கலைக்கல்வியை அவர் கருதியிருக்க நியாயமில்லை. ஆனால் அவர் காலத்தில் இலவசமாகக் கிடைத்தது இன்று கிடைப்பதில்லை. முன்னணித் தனியார் சட்டக் கல்லூரிகளில் ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டுமே 70,000 டாலரைத் தாண்டிவிட்டது. நான்காண்டுக் கலைப்படிப்பின் கடனோடு இதுவும் சேரும்போது, கவிதை படி என்னும் உபதேசம் ஏழை மாணவரின் செவியில் எவ்வாறு விழும் என்பதை உபதேசிப்பவர் எண்ணிப்பார்க்க வேண்டும். பட்டம் பெற்றபின் ஓரிரு ஆண்டுகள் ஒரு வக்கீல் அலுவலகத்திலோ இலவசச் சட்ட உதவி நிலையத்திலோ வேலை செய்து, இத்தொழில் தமக்கு உகந்ததுதானா என்று அறிந்துகொண்டு பின்னர் விண்ணப்பிப்பது, இன்று பலர் கைக்கொள்ளும் வழி. அதில் பணமும் மிச்சமாகிறது, வீண் ஆசையும் தெளிகிறது. கோர்ட்டில் போய் அமர்ந்து வழக்கு நடப்பதைப் பார்ப்பதற்கோ யாரும் கட்டணம் கேட்பதில்லை.

பிற தேசங்கள் இக்கேள்வியை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு முடிந்ததும் சட்டம் படிக்கலாம். வேறு பட்டம் பெற்றவர் ஒரு மாற்றுப் படிப்பின் வழியாகவும் வரலாம். அமெரிக்க முறையைத் தழுவிய ஜப்பான் 2004-இல் பட்டதாரிகளுக்கான சட்டப்பள்ளிகளைத் தொடங்கி, அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை மாணவர் சேர்ப்பை நிறுத்த நேர்ந்ததைக் கண்டது. தென்கொரியா 2009-இல் அதே வழியில் சென்று, சட்டமல்லாத பிற துறைகளில் பட்டம் பெற்றோருக்கும் சேர்க்கையில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தது.

நம் நாட்டில் இரண்டு வழிகளும் அருகருகே நிற்கின்றன. 1987-இல் மாதவ மேனன் பெங்களூரில் தேசியச் சட்டப்பள்ளியை நிறுவியது முதல், பள்ளியிலிருந்து நேரே செல்லும் ஐந்தாண்டுப் படிப்புக்கே கவர்ச்சி அதிகம். அதில் சரித்திரமும் அரசியலும் சமூகவியலும் பாடத்திட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கின்றன. நல்ல ஆசிரியர் வாய்த்த இடங்களில் அவை உயிரோடும் இருக்கின்றன. பட்டதாரிகளுக்கான மூன்றாண்டுப் படிப்பும் தமிழ்நாட்டின் அரசுச் சட்டக் கல்லூரிகளில் நடந்துவருகிறது. தமிழிலக்கியமோ சரித்திரமோ படித்துவிட்டு அங்கே வரும் மாணவர், அமெரிக்க மாணவர் நான்கு ஆண்டுகளில் அடைவதை மூன்று ஆண்டுகளில் அடைந்திருக்கக்கூடியவரே. அவருக்கு நேர்வதென்னவென்றால், மூன்று ஆண்டுகளும் கைடுகளிலிருந்தும் நோட்ஸிலிருந்தும் விடைகளை மனனம் செய்து, பருவத்துக்கு ஒருமுறை அவற்றைத் தாளில் இறக்கிவைக்கிறார். தாள் திரும்பி வருவதில்லை, எண் மட்டுமே வருகிறது. வகுப்புக்கு அறுபது பேரை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் எல்லோருடைய கட்டுரையையும் வரிவரியாகத் திருத்த முடியாது என்பது உண்மையே. பருவத்துக்கு ஒரே ஒரு கட்டுரையையேனும், ஐந்து பக்கமானாலும், மாணவர் தாமே எழுதி, திருத்தம் பெற்று, மீண்டும் எழுதித் தரும்படி நம் கலைக் கல்லூரிகள் ஏற்பாடு செய்யலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் இயற்ற வேண்டியதில்லை, ஆசிரியர் இடங்களைக் காலியாக விட்டுவைக்காதிருந்தால் போதும்.